கிளாமருக்குத் தமிழ் கவர்ச்சியா?

உப்புவெளியான்:
தங்கச்சி மத்திய வீதியில் மணப்பெண் அலங்காரக் கடை திறக்கிறாள். ஆங்கிலத்தில் ‘கிளாமர்’ என்று பெயர். தமிழில் என்ன போடலாம் என்று கேட்டாள், ‘கவர்ச்சி மணமகள்’ என்று எழுதிக் கொடுத்தேன். பலகை வந்து இறங்கியதும் அம்மா ஒருதரம் வாசித்தா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொருதரம் வாசித்தா. பிறகு ஒன்றும் கதைக்காமல் பழைய பெட்சீட்டால் மூடிவிட்டா. அகராதியில் அப்படித்தானே இருக்கிறது?

கடலோரத்தாள்:
அம்மா செய்ததுதான் சரி. அந்தச் சொல் எங்களுக்கு வந்தது சினிமாப் பத்திரிகை வழியாக. ‘கவர்ச்சி நடிகை’ என்றால் உடுப்புக் குறைவு, அவ்வளவுதான். நடிகை கழுத்துவரை மூடிப் பட்டுடுத்தி வந்தால் அதை யாரும் கவர்ச்சி என்று எழுதுவதில்லை. 1930களின் ஹாலிவுட் ஸ்டூடியோப் படங்களைப் பாருங்கள். மேலேயிருந்து விழும் வெளிச்சம், நடிகை மார்லீன் டீட்ரிச்சின் கன்னத்தில் நிழல், கைக்கு எட்டாத ஒரு தூரம். கிளாமர் அது.

மலையடியான்:
சினிமாக்காரன் கெடுத்தான் என்று சொல்லையே விட்டுவிடுவதா? நம் திருகோணமலைக் கோணேசரைப் பாடிய சம்பந்தர், தோடுடைய செவியனை ‘உள்ளங்கவர் கள்வன்’ என்கிறார். அதில் என்ன குறை? கிளாமரும் ஸ்கொத்லாந்தில் மந்திரம், கண்கட்டு என்ற பொருளில் புழங்கிய சொல்தான். ‘கிராமர்’ என்பதன் திரிபு! இலக்கணம் படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று நம்பிய காலம். அங்கே கண்ணைக் கட்டுவது, இங்கே உள்ளத்தைப் பறிப்பது.

கடலோரத்தாள்:
அண்ணை, சம்பந்தர் ‘உள்ளம்’ என்று சேர்த்துச் சொன்னார். பலகையில் உள்ளம் எங்கே? குறளில் ‘காய்கவர்ந்தற்று’ என்றும் வருகிறது. அதற்காகப் பழக்கடைக்குக் கவர்ச்சி என்று பெயர் வைப்பீர்களா?

மலையடியான்:
வைத்தால் வியாபாரம் நல்லாத்தான் போகும். பகிடி இருக்கட்டும், வேலை விளம்பரத்தில் ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்று போடுகிறார்களே, யாராவது முகம் சுளிக்கிறோமா?

கடலோரத்தாள்:
சம்பளத்துக்குச் சேலை இல்லை, அண்ணை.

நிலாவெளித் தம்பி:
‘மினுக்கம்’ போடலாமே? இல்லாவிட்டால் ‘எழில்’?

கடலோரத்தாள்:
மினுக்கி என்று பெண்களைத் திட்டுவதைக் கேட்டதில்லையா, தம்பி? எழில் நல்ல சொல், ஆனால் அது மேக்கப் இல்லாமலும் இருக்கும். கிளாமருக்கு ஒராள் பக்கத்தில் நின்று லைட் பிடிக்க வேண்டும்.

உப்புவெளியான்:
தங்கச்சி ‘கிளாமர்’ என்றே தமிழெழுத்தில் போட்டுவிட்டாள். இரண்டாவது பலகைக்கும் காசு என் தலையில். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அப்படியெண்டா என்ன மகன்?” என்று கேட்டா. அழகு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.