0.700102: இந்த எண் எங்கிருந்து வந்தது?

பழம்புள்ளி: 'ஃபைசர் தடுப்பூசியின் திறன் 90.3க்கும் 97.6க்கும் நடுவில் இருக்க 95 சதவீத வாய்ப்பு'னு நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார். படிச்சதும் காபி புரையேறிடுச்சு. திறன் ஒரே ஒரு எண். ஒண்ணு அதுக்குள்ள இருக்கும், இல்லேன்னா இருக்காது. வாய்ப்பு எங்கேருந்து வந்தது? புள்ளியியலாளர் நெய்மான் 1937லயே சொல்லிட்டார்.

குறுக்குசால்: அந்த ஒருத்தர் நான்தான். இது கிரெடிபிள் இன்டர்வல் சார், முன் அனுமானத்தையும் தரவையும் சேர்த்து 'இதுக்குள்ள இருக்க இத்தனை வாய்ப்பு'ன்னு சொல்ற இடைவெளி, அப்படித்தான் வாசிக்கணும். ஃபைசரோட 2020 டிசம்பர் ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கு: ஊசி போட்டவங்கள்ல 8 பேருக்கு நோய், உப்புநீர் போட்டவங்கள்ல 162. நீங்க சொல்ற மாதிரி வாய்ப்புன்னு வாசிக்கக் கூடாதது கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்; அதைப் போட்டது இன்னொரு தடுப்பூசியான மாடர்னா, 89.3லேருந்து 96.8. ஆளை மாத்தித் திட்டுறீங்க.

பழம்புள்ளி: உங்க இடைவெளிக்குத் தரவு வர்றதுக்கு முன்னாடியே வச்ச அனுமானம், அதான் பிரையர், பீட்டா(0.700102, 1)ங்கிற பரவல். ஆறு தசமம்! நகைக்கடைத் தராசா?

குறுக்குசால்: அந்த பிரையரோட மொத்த எடை, ரெண்டு எண்ணையும் கூட்டினா, 1.7 நோயாளி. எதிரே நிக்கிறது நிஜமான 170. எதை வச்சாலும் விடை பெருசா அசையாது.

பழம்புள்ளி: அசையாதுன்னா ஆறு தசமம் எதுக்கு?

சும்மாபார்வை: கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். திறன் 30 சதவீதம்னு வச்சா, உப்புநீர்க்காரங்க 1க்கு ஊசிக்காரங்க 0.7, அதனால நோய் வந்தவங்கள்ல ஊசிக்காரங்க பங்கு 0.7/1.7. அதை 0.4118னு சுருக்கிட்டு, 1ல மீதியான 0.5882ஆல வகுத்தா 0.700102 வருது. சுருக்காம விட்டிருந்தா வெறும் 0.7தான்.

பழம்புள்ளி: கேட்டுக்கோங்க! முதல்ல சுருக்கிட்டு அப்புறம் ஆறு தசமம்!

குறுக்குசால்: அதனால இடைவெளி தப்பாயிடுமா? சொல்லுங்க.

பழம்புள்ளி: நான் கேட்டது ஆறு தசமம். பதில் வரலை.

சொல்வேட்டை: கான்ஃபிடன்ஸ், கிரெடிபிள் ரெண்டையும் 'நம்பிக்கை இடைவெளி'ன்னே எழுதினா சண்டை வராம என்ன செய்யும்? கிரெடிபிளுக்கு மட்டும் 'நம்பக இடைவெளி'ன்னு எழுதலாமே.

குறுக்குசால்: உங்க சொல்லாக்கத்துக்கு வேற இழை இருக்கு, அங்க போங்க.

சொல்வேட்டை: தமிழ்னா மட்டும் வேற இழை. சரிங்க.

பழம்புள்ளி: அவரை ஏன் விரட்டுறீங்க? பதில் இல்லாதவங்க வழக்கமா செய்யறது இது. ஆறு தசமம். இன்னும் அங்கேயே நிக்குது.

குறுக்குசால்: போன மாசம் சம்பளக் கணக்குல நடு மதிப்பான மீடியனைச் சராசரின்னு எழுதினவர் தசமம் எண்ணிக்கிட்டிருக்கார்.

பழம்புள்ளி: அன்னிக்கு நான் எழுதினது சரி. லிங்க் போடட்டுமா?

குறுக்குசால்: போடுங்க. திருத்தினதுக்கு முன்னாடி இருந்ததைப் போடுங்க.

சும்மாபார்வை: கால்குலேட்டரை எடுத்தது என் தப்பு.

பழம்புள்ளி: உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலை தம்பி. ஆறு தசமம்னு நான் சொன்னதை நிரூபிச்சதே நீங்கதான்.