கையெழுத்து வாங்கினா ஆஸ்பத்திரி நல்லாயிருமா?

பறளியாறு:
நாங்க பத்துப் பேர் ரெண்டு வாரமா தக்கலை, குலசேகரம் பக்கம் வீடு வீடா கையெழுத்து வாங்கிட்டு இருக்கோம். கேக்கிறது இதான்: கன்னியாகுமரி மாவட்டத்துல உள்ள தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு நிதியைக் கூட்டணும், ராத்திரியும் டாக்டர் இருக்கணும், சின்ன காரியத்துக்கெல்லாம் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பக் கூடாது. மாநிலங்கள் பட்ஜெட்டுல 8 சதவீதத்துக்கு மேல சுகாதாரத்துக்கு ஒதுக்கணும்னு 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலயே இருக்கு. நாங்க புதுசா ஒண்ணும் கேக்கல. திங்கக்கிழமை மனு நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கப் போறோம்.

கோட்டாறு சந்தை:
தம்பி, கலெக்டரா பட்ஜெட் போடுறார்? பொதுவா நிதி நிதின்னு கேட்டா என்ன வரும் தெரியுமா? கட்டடம் வரும், கல்வெட்டு வரும், ரிப்பன் வெட்ட ஆள் வரும்.

போன மழைக்கு எங்க அப்பா ரப்பர் தோட்டத்துல வழுக்கி விழுந்தார். பால்வெட்டுக்குப் போன மனுஷன், இடுப்பு அசையல. ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், பேர் வேண்டாம். எக்ஸ்ரே ரூம் பூட்டு. ஜன்னல் வழியா பாத்தா மெஷின் புதுசு, மேல போட்ட பிளாஸ்டிக் உறைகூட கழட்டல. எடுக்கிறவருக்கு ரெண்டு ஊர் டியூட்டியாம், இன்னைக்கு அவர் அந்த ஊர். மெஷினுக்கு காசு வந்துட்டு. ஆளு வரல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பறளியாறு:
அண்ணாச்சி, ஆளைப் போட்டா சம்பளம் குடுக்கணும்லா? அதுவும் நிதிதானே!

கோட்டாறு சந்தை:
அப்ப அதை எழுதணும்லா மக்கா. உன் பேப்பர்ல எக்ஸ்ரேன்னு ஒரு வார்த்தை இருக்கா?
இன்னொண்ணு. மாத்திரை விஷயத்துல நான் குறை சொல்ல மாட்டேன். 1994-ல அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்து, மாநிலம் முழுக்க ஒரே இடத்துல மொத்தமா கொள்முதல் பண்ணின பிறகுதான் அது ஒழுங்காச்சு. வாங்குற முறையை மாத்தினாங்க, அதான் விஷயம்.

வள்ளவிளை அலை:
நீங்க ரெண்டு பேரும் தக்கலையும் நாகர்கோவிலும் பேசுறீங்க. எங்க கடற்கரையில நெஞ்சுவலின்னா யாரும் கிழக்க பாக்கிறதில்ல. நேரா திருவந்தரம், அதான் திருவனந்தபுரம். 1956 வரைக்கும் நாம திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம்தானே, கால் இன்னும் அந்தப் பக்கமே போகுது. மெடிக்கல் காலேஜ், இதயத்துக்கு ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி, கேன்சர்னா ஆர்.சி.சி. காலையில ரயில்ல பாருங்க, மடியில எக்ஸ்ரே கவரும் சோத்துப் பொதியும் வெச்சிட்டு எத்தனை பேர். நம்ம முதல்வர் காப்பீட்டு அட்டையை அங்க உள்ள எல்லா பெரிய ஆஸ்பத்திரியிலயும் எடுக்கணும்னு கேளுங்க. அதுக்கு நான் நூறு கையெழுத்து வாங்கித் தாரேன்.

கோட்டாறு சந்தை:
அட்டையா? வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். கேக்க நல்லாத்தான் இருக்கு. தனியார் ஆஸ்பத்திரிக்கு நம்ம வரிப்பணத்தைக் கொண்டு குடுக்கிற வழி அது.

ஓய்வு சிஸ்டர்:
முழுக்க அப்படி இல்ல அண்ணே. அரசு ஆஸ்பத்திரியும் அதே காப்பீட்டுல கிளெய்ம் போடலாம், பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வரும். பெரிய ஆபரேஷன் நடக்கிற இடத்துக்கு வரும், ஆபரேஷனே நடக்காத இடத்துக்கு எங்கேருந்து வரும்?

நான் முப்பது வருஷத்துக்கு மேல வார்டுல நின்னவ. பறளியாறு தம்பி, ஒரு வரியை மட்டும் எடுத்திருங்க: "சின்ன காரியத்துக்கெல்லாம் எழுதி அனுப்பக் கூடாது". ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பிள்ளத்தாச்சி வாரா. குழந்தை துடிப்பு குறையுது, சிசேரியன்தான் வழி. பிரசவ டாக்டர் இருக்காங்க, மயக்க டாக்டர் இல்ல. கத்தியைத் தொட முடியாது. அப்ப எழுதி அனுப்பாம என்ன செய்ய? சீட்டு எழுதி 108-க்குப் போன் பண்ணி, வண்டி வார வரைக்கும் அவ கையைப் பிடிச்சிட்டு நிக்கிறது நாங்க. மறுநாள் ஊர்ல எங்களைத்தான் ஏசுவாங்க.

நிதின்னா எங்களுக்கு என்னன்னு கேளுங்க. 2015-ல எம்.ஆர்.பி., அதான் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், மூலம் எடுத்த நர்ஸ் பிள்ளைகளுக்கு அப்ப மாசம் 7,700 ரூபாய்தான், தொகுப்பூதியம். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பர்ல சென்னையில மருத்துவத் துறை தலைமை ஆபீஸ் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்துல போய் உக்காந்தாங்க. இங்க நம்ம ஊர்ல அன்னைக்கு யாரு அவங்களுக்காக கையெழுத்து வாங்கினா?

பறளியாறு:
அக்கா, இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அந்த வரியை எடுத்திருதேன்.
ஒரு யோசனை. மனுவுக்கு முன்னாடி தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேப்போம். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலயும் மயக்க டாக்டர், எக்ஸ்ரே டெக்னீஷியன், நர்ஸ்: அனுமதிச்ச இடம் எத்தனை, ஆள் இருக்கிறது எத்தனை, ராத்திரி டியூட்டி யாரு. பதில் வந்ததும் அதையே மனுவாக்கிரலாம்.

ஓய்வு சிஸ்டர்:
ஆஸ்பத்திரிக்குன்னு உள்ள நோயாளர் நலச் சங்கக் கமிட்டி கடைசியா எப்ப கூடிச்சு, என்ன செலவழிச்சாங்கன்னும் சேத்துக் கேளுங்க. அப்படி ஒண்ணு இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது.

கோட்டாறு சந்தை:
சரி, இது கொஞ்சம் உருப்படி. ஆனா பதில் வர முப்பது நாள். வாசகத்தை மாத்தினா ஏற்கெனவே வாங்கின கையெழுத்து எதுக்கு ஆகும்? ஜனம் படிச்சுப் போட்டது பழைய பேப்பர்ல. அடியில வேற தாளை வெச்சா அது மோசடி.

பறளியாறு:
தெரியும் அண்ணாச்சி. அதே வீடுகளுக்கு மறுபடி போவோம். உங்க வீட்டுக்கும்.

கோட்டாறு சந்தை:
வா. சாயா தாரேன். கையெழுத்து, பேப்பரைப் பாத்துட்டு.

வள்ளவிளை அலை:
எங்க பக்கம் வாரதா இருந்தா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க. மத்த நாள் ஆம்பளையாளு எல்லாம் கடல்ல. காப்பீட்டு விஷயத்தையும் ஒரு வரி சேத்துக்கிடுங்க, நான் அதை விடப் போறதில்ல.