கோபுரத்து வட்டக்குறி: லாம்டன் அளவை பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில். சிவன் கோயில் கோபுரத்தின் மேல்நிலையில், கருங்கல் தரையில் உள்ளங்கையளவு வட்டம் ஒன்று உளியால் வெட்டியிருக்கிறது. நடுவில் சின்னக் குழி. எழுத்து எதுவும் இல்லை. தை மாதம் கும்பாபிஷேகம். அதற்கு முன் அந்தத் தரையில் சிமெண்ட் பூசிவிடுவார்கள்.

வில்லியம் லாம்டன் காலத்து நில அளவைக் குறியாக இருக்குமோ என்று நினைக்கிறேன். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து கோணங்களை வைத்தே மற்ற தூரங்களைக் கணக்கிடும் முக்கோண அளவையைத் தொடங்கியவர். தஞ்சைச் சமவெளியில் மலை கிடையாது, தோப்புகள் வேறு பார்வையை மறைக்கும். அதனால் கோபுரங்களில் ஏறித்தான் கோணம் எடுத்தார். 1808-ல் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து அவரே அதைச் சரிசெய்தார். என்ன மனிதர்! 1823-ல் இன்றைய மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில் இறக்கும்வரை இதே வேலைதான்.

தாலுகா அலுவலகத்தில் கேட்டேன், நில எல்லை காட்டும் புலப்படம்தான் இருக்கிறது என்றார்கள். இது கோயில் வேலைக்குப் போட்ட குறி இல்லை என்கிறார் ஸ்தபதி. இணையத்தில் கிடைத்த பழைய முக்கோண வரைபடம் மங்கல், பெரிதாக்கினாலும் ஊர்ப்பெயர் படிக்க முடியவில்லை. குறியின் படம் கீழே இருக்கிறது, பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வைத்திருக்கிறேன்.

தஞ்சை வட்டாரத்தில் லாம்டன் பயன்படுத்திய கோபுரங்களின் பட்டியல் எந்த ஆவணத்தில், எங்கே பார்க்கக் கிடைக்கும்?