பூவரசம்பட்டை கேட்டு வந்தவர்

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த காலையில் கொல்லைக்குப் போனால், தென்னைகளோடு வாய்க்கால் கரைப் பூவரசும் வேரோடு சாய்ந்து கிடந்தது. தாத்தா சிறுவனாக இருந்தபோதே அது பெரிய மரமாம். தென்னைக்கு அழுத நாங்கள் அதற்கு அழவில்லை. போத்து வெட்டி நட்டாலே வேலியில் தழைக்கிற மரம்தானே.

பத்துப் பதினைந்து நாள் கழித்து டிவிஎஸ் 50-ல் ஒரு பெரியவர் வந்தார். பக்கத்து ஊர் நாட்டு வைத்தியர். "மரத்த வித்துட்டியா தம்பி?" என்பதுதான் முதல் பேச்சு. அவருக்கு வேண்டியது வேர்ப்பட்டை. நூறு வருஷம் நின்ற பூவரசுக்குத்தான் தோல் நோயை அடக்கும் வீரியம் என்பது அவர் கணக்கு. ஆனால் நிற்கிற மரத்தின் வேரில் கை வைக்க மாட்டாராம். அடிமரத்தில் எடுத்தாலும் ஒரு பக்கம் நாலு விரல் அகலம்தான். சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். விழுந்த மரத்துக்காகக் காத்திருக்கிறவர் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அரிவாளால் மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளே நார் நாராக இருந்ததை மட்டும் சாக்கில் அள்ளினார். கரப்பான், சொறிக்கு அதைக் கொதிக்கவைத்துக் கழுவுவதும், அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவுவதும் அவர் பழக்கம். வீக்கத்துக்கு இலையை வதக்கிக் கட்டுவாராம்.

சரி, நம் காலையும் காட்டுவோம் என்று தகரம் கீறிய புண்ணைக் காட்டினேன். "சர்க்கரை இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப இது எனக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று வண்டியை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

உங்களுக்கும் இப்படி யாராவது பூவரசு வைத்தியம் பார்த்திருந்தால் எழுதுங்களேன்.

* * *

எனக்குப் பார்த்தது அப்பாயிதான். நாலாவது படிக்கும்போது கழுத்தில் படர்தாமரை. பூவரசங்காயின் காம்பைக் கிள்ளினால் மஞ்சளாகப் பால் வரும் இல்லையா, அதை ஒரு வாரம் காலையும் மாலையும் தொட்டு வைத்தார். படர்தாமரை போனது. பள்ளிக்கூடச் சட்டைக் காலரில் மஞ்சள் கறை மட்டும் போகவே இல்லை, அம்மாவுக்கும் அப்பாயிக்கும் அதில் பெரிய சண்டை! காய் பறிக்கப் போகிற சாக்கில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

* * *

என் அனுபவம் அவ்வளவு நல்லது இல்லை. மாமனாருக்குப் பல வருஷமாகக் காளாஞ்சகப்படை, அதாவது சோரியாசிஸ். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குறிப்பை நம்பி, டாக்டர் கொடுத்த களிம்பை ஒரே நாளில் நிறுத்திவிட்டு, கடையில் வாங்கிய பூவரசம்பட்டைப் பொடியைக் கஷாயமாகக் குடிக்க ஆரம்பித்தார். முதல் மாதம் குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாவது மாதம் முதுகு முழுக்கப் படர்ந்துவிட்டது. அந்த நோய் தானாகவே ஏறும், இறங்கும். இறங்குகிற நேரத்தில் எதைச் சாப்பிடுகிறோமோ அதற்குப் பேர் போய்விடுகிறது.

அப்புறம் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவரிடம் போனோம். பூவரசு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மேலே கழுவப் பட்டைக் கஷாயமும், தடவ வெட்பாலைத் தைலமும் கொடுத்து, தோல் டாக்டரையும் விடாதீர்கள் என்றார். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகிறது, அதைப் பார்ப்பதே ஓர் அழகு.

குடிப்பதற்கு மட்டும் அவர் தடை போட்டார். பூவரசு பருத்தியின் உறவு, பூவைப் பார்த்தாலே தெரியும். பருத்திக்கொட்டையில் உள்ள 'காசிபோல்' (gossypol) என்கிற பொருள் இதிலும் உண்டு. 1970களில் சீனாவில் ஆண்களுக்குக் கருத்தடை மாத்திரையாகச் சோதித்து, சிலருக்கு விந்தணு உற்பத்தி திரும்பவே இல்லை என்பதாலும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியதாலும் கைவிட்ட பொருள் அது. பிள்ளை பெற நினைக்கிற பையன்கள் யாரும் ரத்தசுத்திக்கு என்று இதைக் காய்ச்சிக் குடித்துவிடாதீர்கள்.

கேட்க ஒன்று இருக்கிறது: அந்த விழுந்த மரத்துப் பட்டை இன்னும் மிச்சம் இருக்கிறதா? மேலுக்குத்தான்.

* * *

இல்லைங்க அக்கா, பெரியவர் எடுத்ததுபோக மீதி விறகுக்குப் போய்விட்டது. அதே மரத்துப் போத்து இரண்டு நட்டோம், இப்போது வீட்டு உயரத்தைத் தாண்டிவிட்டது. அதில் பட்டை எடுக்கும் வயசு வர இன்னும் தொண்ணூறு வருஷம் ஆகும். கொழுக்கட்டைக்கு இலை வேண்டுமானால் எப்போது வந்தாலும் பறித்துக்கொள்ளலாம்.