மூணு நிமிசத்துல ஆய்வைச் சொல்ல எங்கே வெட்டறதுங்க?

கேள்வி: திருப்பூர் சாயக்கழிவு நீரிலிருந்து சவ்வு (மெல்லிசான வடிகட்டி) வழியா உப்பு மீட்கிறதுதான் என் பிஎச்டி. கோயமுத்தூர்ல மூணு நிமிசப் போட்டி, ஒரே ஸ்லைடு. ஆறு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்.

பதில் 1: ஆறு பக்கம் பத்து நிமிசத்தைத் தாண்டுமுங்க. 270 சொல்லுக்குள்ள நிறுத்துங்க. முதல்ல வெட்ட வேண்டியது மத்தவங்க முன்னாடி செஞ்ச ஆய்வுகளோட தொகுப்பு, அப்புறம் கருவிப் பேரு. உப்புல இருந்தே பேச்சை ஆரம்பிங்க: அடர் நிறத்துக்கு சாயத்தண்ணி லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலயும் போடறாங்க. தண்ணியில பருத்திக்கும் சாயத்துக்கும் ஒரே எதிர்மின்சுமை, ரெண்டும் விலகும். உப்பு அந்த விலக்கத்தை அடக்குது. ஆனா துணியில தங்காது, கழிவுத் தண்ணியோடவே வெளிய வந்துருது. இது புரிஞ்சா உங்க சவ்வு எதுக்குன்னு தானா வெளங்கும்.

பதில் 2: ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008ல ஆரம்பிச்ச மூணு நிமிச ஆய்வுப் போட்டியோட விதிகளா இருந்தா, ஸ்லைடுல அசைவு கூடாது, கையில பொருளும் கூடாது. உப்புப் பொட்டலத்தை வீட்லயே வெச்சிட்டு வாங்க! மூணு நிமிசம் தாண்டினா தகுதி நீக்கம். பேச்சோ அசைவோ தொடங்கின நொடியே கடிகாரம் ஓடும். ஒத்திகையில 2:45க்கு முடிங்க. மேடையில கைதட்டல், சிரிப்பு மிச்சத்தைத் தின்னுரும்.

பதில் 3: ஸ்லைடுல வரைபடம் வேண்டாமுங்க, கடைசி வரிசைக்குத் தெரியாது. சாயத்தண்ணி டம்ளர் ஒண்ணு, தெளிஞ்சது ஒண்ணு, நடுவுல உப்புக் குவியல். அந்த ஒரு படம் போதும்.