மருத்துவ ஆசிரியர்களின் 'பர்ன்அவுட்': பணித்தேய்வு என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம். வேலையின் அழுத்தத்தால் வரும் 'பர்ன்அவுட்'டுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் மடல்களில் பேசிவருகிறோம். முன்மடல்களில் வந்த கருத்துகளை மேற்கோளாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> 'மனச்சோர்வு' என்றே இருக்கட்டுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். மனச்சோர்வு என்பது டிப்ரஷனுக்கு நிலைத்துவிட்டது, அது நோய். 'மன அழுத்தம்' ஸ்ட்ரெஸுக்கும் டிப்ரஷனுக்குமாக நாளிதழ்களில் மாறி மாறி வந்து ஏற்கெனவே குழப்பம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டுக்கு இடம் உண்டு, ஆனால் நோய் என்று அல்ல. சமாளிக்கப்படாமல் நீண்டுகொண்டே போகும் பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. வாழ்க்கையின் மற்ற சிக்கல்களுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே சொல் 'பணி' என்று தொடங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஏன் இந்தப் பிடிவாதம்? மருத்துவக் கல்லூரியில் ஒரே ஆள்தான் காலையில் புறநோயாளிகளைப் பார்க்கிறார், ரவுண்ட்ஸ் போகிறார், மதியம் வகுப்பெடுக்கிறார், முதுநிலை மாணவரின் ஆய்வேட்டைத் திருத்துகிறார். 2019இல் திறன்சார் பாடத்திட்டம் வந்தபின் ஒவ்வொரு மாணவரின் லாக்புக்கிலும் (பயிற்சிக் குறிப்பேடு) திறன் திறனாகக் கையெழுத்துப் போட வேண்டும். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும். அப்புறம் வருகைப் பதிவு. வேலை நாட்களில் 75 விழுக்காடு வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையம். இவரிடம் போய் "யோகா செய்யுங்க சார்" என்கிறார்கள். சொல் 'மனம்' என்று தொடங்கினால் தேடுகிற தீர்வும் அங்கேயே நின்றுவிடும், லாக்புக்கை யாரும் தொடமாட்டார்கள்.

> எரிந்துதீர்வு? பணிச்சோர்வு?

'தீர்வு' என்றதும் படிப்பவர் விடையைத் தேடுவார். பணிச்சோர்வு ஏற்கெனவே புழங்குகிறது, வலுவான போட்டிதான். ஆனால் உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட பர்ன்அவுட் அளவுகோல் மூன்று கூறுகளை அளக்கிறது: உணர்ச்சி வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகவே எண்ணாமல் போவது, செய்த வேலையால் பயனில்லை என்று தோன்றுவது. சோர்வு முதலாவதை மட்டும்தான் சொல்கிறது.

என் பரிந்துரை 'பணித்தேய்வு'. ஓடாய்த் தேய்ந்து உழைத்தார் என்று நாம் சொல்வதுண்டு. மெல்ல மெல்ல நடப்பது என்பதும் அதில் வந்துவிடுகிறது. தேய்மானம் என்ற கணக்கியல் சொல்லின் வாடை அடிக்கிறது என்று முன்மடலில் ஒருவர் எழுதியிருந்தார். அடிக்கட்டும், பெரிதாக உறுத்தவில்லை. 'பணித்தேய்வுற்ற ஆசிரியர்', 'பணித்தேய்வு அளவுகோல்' என்று நீட்டினாலும் சொல் முறியவில்லை.

இனி இரண்டாவது கூறு, ஆங்கிலத்தில் டிபெர்சனலைசேஷன். 'ஆளுமைச் சிதைவு' வேண்டவே வேண்டாம். மனநல மருத்துவத்தில் இதே ஆங்கிலச் சொல் தன்னையே தனக்கு அந்நியமாக உணரும் நிலைக்கும் உண்டு. இங்கே பொருள் அதுவல்ல. நோயாளி 'பெட் நம்பர் 12' ஆகிவிடுவதும் மாணவர் வெறும் ரோல் நம்பராகிவிடுவதும்தான். 'பற்றின்மை' என்றால் துறவியைப் பாராட்டுவது போலாகிவிடும். 'ஒட்டாமை' போதும் என்று நினைக்கிறேன். "யாரோடும் ஒட்டாமல் இருக்கிறார்" என்பது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மாஸ்லாக் அளவுகோலில் மருத்துவப் பணியாளருக்கு ஒரு வடிவம், ஆசிரியருக்கு ஒரு வடிவம். முன்னதில் கேள்விகள் நோயாளிகளைப் பற்றி, பின்னதில் மாணவர்களைப் பற்றி. நம் ஆள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். உடற்கூறியல் ஆசிரியருக்கு நோயாளியே கிடையாது. அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு இருதரப்பும் உண்டு. நோயாளியிடம் கனிவு குறையாமல் மாணவரிடம் மட்டும் எரிந்து விழுபவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்தால் இவர் தப்பிவிடுவார். தமிழாக்கத்தில் 'நோயாளியிடம் ஒட்டாமை', 'மாணவரிடம் ஒட்டாமை' என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கலாம்.

செய்த வேலையால் பயனில்லை என்று தோன்றும் மூன்றாவது கூறுக்குத்தான் சொல் சரியாக அமையவில்லை. 'பணிநிறைவுக் குறைவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பணிநிறைவு என்றால் நம் அலுவலகங்களில் ஓய்வு பெறுவது, மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள்! இப்போதைக்கு 'பயனுணர்வுக் குறைவு' என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஏதாவது தோன்றினால் அனுப்புங்கள்.