புதுப்பிப்பு: புனே நண்பர்களுக்கு மதுரையைக் காட்டிய கதை

கல்லூரி நண்பனும் அவன் மனைவியும் புனேயிலிருந்து இரண்டு நாள் வருகிறார்கள், எங்கே அழைத்துப் போகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று இரவு ரயிலேற்றி விட்டேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மதியம் மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தியிருக்கும், இரவில் போங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் பொன்னான யோசனை. பள்ளியறைப் பூஜைக்கு நின்றோம். சொக்கநாதரின் பாதங்களை வெள்ளிப் பல்லக்கில் மீனாட்சி சந்நிதிக்குக் கொண்டு போனார்கள். சாம்பிராணிப் புகை, நாதஸ்வரம், மல்லிகை மணம். "தினமும் இப்படியா?" என்று நண்பனின் மனைவி கேட்டார். தினமும்தான் என்றேன். சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. இதே ஊரில் பிறந்தும் நான் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது!

மறுநாள் விடியலில் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், பிறகு சமணமலை. அந்த மலையின் செட்டிப்புடவு என்ற குகையில், பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரரும் அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும். நண்பன் எழுத்துகளைத் தொடாமல், விரலைக் காற்றில் ஓட்டிப் பார்த்தான்.

திருமலை நாயக்கர் மஹாலை அவசரமாகத்தான் பார்த்தோம். கீழடி அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கியது சரி. 'ஆதன்' என்று கீறிய பானை ஓட்டின் முன் நெடுநேரம் நின்றோம்.

ஜிகர்தண்டா இரண்டு முறை. காந்தி அருங்காட்சியகம் விட்டுப்போயிற்று. சித்திரைத் திருவிழாவுக்கு மறுபடி வருகிறார்களாம். அழகர் ஆற்றில் இறங்குவதை எங்கே நின்று பார்த்தால் வசதி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.